வாசலில் கிடந்த பாடம்

பட்டினப்பாக்கம், சென்னை-28
14.6.1994

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை அன்பு எழுதுகிறேன். நைனா, அம்மா, நான் மூவரும் சுகம். நீயும் மாமாவும் அந்தத் தீவில் சுகமாக இருக்க மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

காலேஜ் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். கீழ்வீட்டு வஜீஹாவும் நானும் மயிலாப்பூர் போய் ஈவ்னிங் காலேஜில் விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றோம். என் மார்க்குக்கு பி.காம். சீட்டு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வஜீஹா சேர்ந்துவிட்டாள். நான் சேரவில்லை. தபாலில் படிக்கப் போகிறேன். கரஸ் கரஸ் என்கிறார்களே, அதுதான். பாடத்தைப் புத்தகமாக அடித்து வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். நம் நேரத்துக்கு, நம் வேகத்துக்குப் படிக்கலாம். இன்றைக்கு முடியவில்லையா, மூடி வைத்துவிட்டு நாளைக்குத் திறக்கலாம். பாடம் நமக்காகக் காத்திருக்கும். வகுப்பு காத்திருக்குமா?

இன்னொன்று. விண்ணப்பம் வாங்கப் போன அன்று காலேஜ் படியில் தடுக்கி விழுந்து புருவத்தில் இரண்டு தையல். ஒன்றும் பெரிதில்லை, ஆறிவிட்டது. தி.நகர் ஜவுளிக்கடை வேலையையும் விட்டுவிட்டேன். நின்று நின்று கால் வலிக்கிறது. அம்மா மீன்கடைக்கு விடியும் முன்னே போய்விடுகிறாள், நைனா ரேஷன் கடைக்கு. பகலில் வீடு அமைதியாக இருக்கிறது. படிக்க அது போதும்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் பிரியமுள்ள
அன்புக்கரசி

*

போர்ட் பிளேர்
5.7.1994

அன்புள்ள தங்கை அன்புவுக்கு,

அக்கா கோமளா எழுதுவது. சுகம், சுகத்துக்குப் பதில் எழுது. விமானம் வராத வாரம் இங்கே தபாலும் இல்லை, அதனால்தான் தாமதம்.

கடிதம் படித்ததும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நம் பிளாக்கிலேயே ப்ளஸ் டூவில் அவ்வளவு மார்க் எடுத்தவள் நீ ஒருத்திதான். உனக்கு எதற்கடி கரஸ்? உன் மாமாவின் தம்பியும் கரஸில்தான் படிக்கிறான். மூன்று வருஷமாக வந்த பொட்டலம் எதையும் அவன் பிரிக்கவில்லை. அவன் அம்மா அதை அடுக்கி வைத்து அதன் மேல் அரிசி டின்னை வைத்திருக்கிறாள். பாடம் காத்திருக்கும் என்று எழுதியிருக்கிறாயே, நன்றாகக் காத்திருக்கிறது. வாத்தியார் எதிரே நின்று கேள்வி கேட்டால்தான் படிப்பு. சந்தேகம் வந்தால் அந்தப் பொட்டலத்திடம் கேட்பாயா?

மனசைத் தொட்டுச் சொல். பழைய பயம்தானே? சின்ன வயதில் உனக்கு வலிப்பு வந்ததும், பள்ளிக்கூடத்தில் நீ விழுந்து துடித்தபோது ஆயா ஓடி வந்து உன் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்ததும், அதற்கப்புறம் அந்தப் பசங்கள் உன்னை ‘சாவி, சாவி’ என்று கூப்பிட்டதும் எனக்கு மறக்குமா? ஆனால் அது போய் ஆறு வருஷம் ஆகிறது. டாக்டரே மாத்திரையை நிறுத்திவிட்டார். இல்லாத நோய்க்குப் பயந்து வீட்டுக்குள் உட்காருவாயா?

பதில் எழுதும்போது அந்தப் பேச்சை மட்டும் எழுதாதே. தபால் மாமாவின் ஆபீசுக்குத்தான் வருகிறது. துறைமுகத்திலேயே பிரித்துப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அவருக்கோ அவர் வீட்டுக்கோ நம் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது தெரியாது. தெரியவும் வேண்டாம். இதை நானே போய்த் தபாலில் போடுகிறேன்.

காலேஜில் சேர்ந்தேன் என்று அடுத்த கடிதத்தில் எழுத வேண்டும்.

இப்படிக்கு
அக்கா கோமளா

*

பட்டினப்பாக்கம்
2.8.1994

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். மாமாவுக்கு வணக்கம் சொல்லவும்.

நீ வேண்டாம் என்ற பேச்சை எழுதவில்லை.

கரஸில் சேர்ந்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பாடப் பொட்டலங்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஒவ்வொன்றையும் தபால்காரர் மூன்று மாடி ஏறி வந்து வாசலில் தொப்பென்று போடுவார். ஒட்டாத உறை, ஒரு சணல் கயிறு, அவ்வளவுதான். சத்தம் கேட்டதும் ஓடிப் போய் எடுத்துவிடுவேன். இல்லையென்றால் எதிர்வீட்டுப் பிள்ளைகள் கயிற்றை உருவிக்கொண்டு போய்விடுகின்றன. கணக்கியல் நன்றாகப் புரிகிறது. பற்று, வரவு எல்லாம் அம்மா மீன்கடையில் மனசுக்குள் போடுகிற கணக்குதான், பெயர்தான் பெரிது.

அம்மாவும் நைனாவும் போனதும் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்காருகிறேன். யாரும் வந்து தொந்தரவு செய்வதில்லை. யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

வஜீஹா தினமும் மாலையில் பையை மாட்டிக்கொண்டு போகும்போது கீழே இருந்து கூப்பிடுகிறாள். “அன்பு, நீயும் வாயேன், இன்னா பண்ணிக்கினு கீற தனியா?” என்று. நான் ஜன்னலில் இருந்து கையை ஆட்டுவேன். அவள் போய்க் கொஞ்ச நேரம் எனக்கு எழுத்தே கண்ணில் நிற்காது. அப்புறம் சரியாகிவிடும்.

உன்
அன்பு

*

போர்ட் பிளேர்
9.9.1994

என் அன்புள்ள அன்புவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். இருவர் என்று எழுதுவது தப்பு, மூவர் என்று எழுத வேண்டும். ஆமாம், முழுகாமல் இருக்கிறேன். அம்மாவிடம் சொல். நைனாவிடம் அம்மா சொல்லட்டும்.

உன் மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் போகிறவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுக்கிறார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்பு, மத்தியானத்தில் படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உனக்கு வந்த அந்த நோய் ரத்தத்தில் வருமா? நீ இங்கே வந்து விழுகிற மாதிரியும், நான் குனிந்து தூக்கினால் கையில் ஒரு சின்னக் குழந்தை இருக்கிற மாதிரியும் கனவு வந்தது. எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். உன் மாமா ஏன் என்று கேட்டார், புழுக்கம் என்று சொன்னேன்.

உனக்குப் பார்த்த பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் போய் எனக்காக ஒரு வார்த்தை கேட்பாயா? பதிலை ஆபீசுக்கு எழுதாதே. பக்கத்து வீட்டு டீச்சரின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன், அதற்கு எழுது. சீக்கிரம் எழுது. நீ எழுதும்வரை எனக்குச் சோறு இறங்காது.

படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை என்று நினைக்காதே. இப்போது எனக்கு இது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடுகிறது.

அக்கா

*

பட்டினப்பாக்கம்
18.10.1994

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ சொன்ன முகவரிக்கே எழுதுகிறேன். அம்மா அழுது சிரித்து எல்லாம் செய்துவிட்டாள். நைனா ரேஷன் கடையில் அன்றைக்கு எல்லோருக்கும் சர்க்கரையைத் தாராளமாக நிறுத்தாராம்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். டாக்டரைப் பார்த்தேன். அதெல்லாம் ஒன்றும் வராது என்றார். எனக்கே அது சுத்தமாகப் போய்விட்டது என்றார். அப்புறம் உன் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? நீ நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு. பயப்பட இதில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை அக்கா.

பாடம் சேர்ந்துவிட்டது. நம் வேகத்துக்குப் படிக்கலாம் என்று எழுதினேன் இல்லையா, என் வேகம் ஆமை வேகமாக இருக்கிறது. எப்போது பார்த்தாலும் தூக்கம். கேள்வித்தாளுக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டிய தேதி எல்லாம் தாண்டிவிட்டது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதனால் இப்போது தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு படிக்கிறேன். ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், அதனால் தூக்கம் அவ்வளவு வருவதில்லை. எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் பொருட்படுத்தாதே. பேனா சரியில்லை.

அன்பு

*

போர்ட் பிளேர்
20.11.1994

அன்புள்ள அன்புவுக்கு,

நீ நூறு வருஷம் நன்றாக இரு. உன் கடிதத்தைப் பிரித்துப் படித்ததும் டீச்சர் வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.

இப்போது சுகம் என்று நிஜமாகவே எழுதலாம். ஏழாம் மாசம் இங்கே வளைகாப்பு. அது முடிந்ததும் பிப்ரவரியில் கப்பலில் புறப்பட்டு வந்துவிடுவேன். மாமா கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்புவார். முதல் பிரசவம் தாய்வீட்டில்தானே? நெத்திலிக் குழம்பு வைக்கச் சொல். இங்கே மீன் கிடைக்கிறது, அம்மாவின் கைதான் கிடைக்கவில்லை. பகலெல்லாம் உன்னோடு உட்கார்ந்து நான் பாடம் கேட்கிறேன். நான் வாத்தியார், நீ மாணவி. ஈவ்னிங் காலேஜ் இல்லாவிட்டால் என்ன, மார்னிங் காலேஜ் நடத்திவிடலாம்.

எந்தக் கப்பல் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அக்கா

*

பட்டினப்பாக்கம்
16.12.1994

அன்புள்ள மகள் கோமளாவுக்கு,

அம்மா சுப்பம்மா சொல்லச் சொல்ல அன்பு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம்.

அம்மா சொல்வதை அவள் சொல்கிறபடியே எழுதுகிறேன். “கோமளா, நீ இங்க வராத. கப்பல்ல ஆடிக்கினு வந்தா வயித்துப் புள்ளைக்கு ஆவாது. மழைல வீடு வேற ஒழுவுது, சொவரெல்லாம் ஓதம். அங்கயே கவருமெண்டு ஆஸ்பத்திரி கீது, உன் மாமியா கீது, நல்லா பாத்துக்கும். கொழந்த பொறந்து மூணு மாசம் போவட்டும், நானே வந்து பாக்கறேன். அம்மா சொல்றேன் இல்ல, கேளு.”

இவ்வளவுதான் சொன்னாள். இதற்கு மேல் அழுகிறாள், அதை எழுத முடியவில்லை.

நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்பு

*

போர்ட் பிளேர்
7.1.1995

அம்மாவுக்கும் அன்புவுக்கும்,

எந்தத் தாயாவது முதல் பிரசவத்துக்கு வராதே என்று சொல்வாளா? நான் கட்டிக்கொண்டு போன பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு பாய் விரிக்க இடம் இல்லையா? வீடு எப்போது ஒழுகவில்லை? ஒழுகுகிற வீட்டில்தானே நாங்கள் இருவரும் பிறந்தோம்?

மாமியார் கேட்கிறாள், உன் வீட்டில் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று. நான் என்ன சொல்ல? என்னவோ நடந்திருக்கிறது. நைனாவுக்கு உடம்பு சரியில்லையா? யாராவது போய்விட்டார்களா? என்னிடம் மறைத்துக்கொண்டு சுகம் சுகம் என்று எழுதுகிறீர்களா? ராத்திரி பகல் எனக்கு இதே நினைப்பு. எது என்றாலும் எழுதுங்கள். தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

கோமளா

*

பட்டினப்பாக்கம்
24.1.1995

கோமளா அக்காவுக்கு,

கீழ்வீட்டு வஜீஹாவின் சலாம். நீங்களும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க துவா செய்கிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து, பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு படியுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்பு உயிரோடு இருக்கிறாள், பேசுகிறாள், இட்லி சாப்பிட்டாள்.

அவளேதான் உங்களுக்கு எழுதச் சொன்னாள். அவள் வலது கையில் கட்டு.

பொங்கல் முடிந்த வாரம், மத்தியானம் நான் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போகும்போது அவள் வாசலில் பாடப் பொட்டலம் கிடந்தது. துணியெல்லாம் போட்டுவிட்டு நிதானமாக இறங்கி வரும்போதும் அங்கேயேதான் கிடந்தது. கயிற்றை யாரோ உருவிவிட்டிருந்தார்கள். அன்பு பொட்டலத்தை ஒரு நிமிஷம்கூட வெளியே கிடக்க விடமாட்டாள். தட்டினேன், பதில் இல்லை. மண்ணெண்ணெய் நாற்றமும் ஏதோ கருகின வாடையும் வந்தது. உள்ளே தாழ்ப்பாள். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு அய்யாதுரை அண்ணன் ஓடி வந்து தோளால் இடித்தார். கடல் காற்றில் துருப்பிடித்த தாழ்ப்பாள் அக்கா, அதனால்தான் பெயர்ந்தது. புதுத் தாழ்ப்பாளாக இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கஞ்சி காய்ச்சும்போது வலிப்பு வந்து அடுப்பின் மேலேயே சரிந்திருக்கிறாள். கஞ்சி கொட்டி அடுப்பு அணைந்துவிட்டது, அது அல்லாஹ்வின் கருணை. முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. அதற்குள் பிளாக் மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. யாரோ ஒரு அம்மா அந்த வெந்த கையிலேயே சாவிக்கொத்தைத் திணித்தாள். அன்பு மயக்கத்திலேயே கத்தினாள். அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

உங்களிடம் மறைத்ததெல்லாம் இனி மறைப்பதாக இல்லை என்று சொன்னாள். ஜூனில் அவள் படியில் தடுக்கி விழவில்லை. காலேஜ் வரிசையில் என் பக்கத்தில் நிற்கும்போது வலிப்பு வந்துதான் விழுந்தாள். அங்கேயும் சாவி, கூட்டம், “அய்ய, பாவம்” என்கிற பேச்சு. எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த எடத்துக்கு மட்டும் என்ன இட்டுக்கினு வராத வஜீ” என்றாள். கரஸில் சேர்ந்தது அதனால்தான். அதற்கு முன்னால் ஜவுளிக்கடையிலும் ஒரு முறை வந்திருக்கிறது. அங்கே அவர்களே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஜூனில் விழுந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் திரும்ப மாத்திரை கொடுத்தார்கள். அது தூக்கத்தைக் கொடுத்தது. பாடம் சேர்ந்துபோகிறதே என்று ராத்திரி மாத்திரையைப் போடாமல் விழித்துப் படித்திருக்கிறாள். தூக்கமும் இல்லை, மாத்திரையும் இல்லை என்றால் வராமல் என்ன செய்யும் என்று டாக்டர் திட்டினார். உங்கள் கேள்வியை அவள் டாக்டரிடம் கேட்கவே இல்லை. பயந்துகொண்டு கேட்கவில்லை.

அம்மா உங்களை வரவேண்டாம் என்றது, மாசமாக இருக்கிறவள் வலிப்பைக் கண்ணால் பார்த்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பித்தான். “என் ரெண்டு பொண்ணையும் ஒரே ஊட்ல வெச்சிக்க எனக்குப் பயமா கீது வஜீ” என்று அழுதார்கள். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் பிரித்துவிடக் கூடாதே என்று டீச்சர் முகவரிக்கு அனுப்புகிறேன்.

வஜீஹா

*

போர்ட் பிளேர்
10.2.1995

என் அன்புவுக்கு,

சுகமா என்று கேட்க வாய் வரவில்லை. கை எப்படி இருக்கிறது? எரிகிறதா? விரலை மடக்க முடிகிறதா?

வஜீஹாவின் கடிதத்தை டீச்சர் வீட்டில் படித்துவிட்டு அதைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஒளித்து வைக்கவில்லை. உன் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீட்டினேன். படித்து முடித்துவிட்டுச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். என் பெட்டியை எடுத்து வெளியே வைப்பார் என்றே நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கே போவது, எந்தக் கப்பல், யாரிடம் கேட்பது என்றெல்லாம் யோசித்துவிட்டேன்.

பொழுது சாய்ந்து வந்தார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார். “வரவும் வரலாம், வராமயும் போவலாம், வந்தா மாத்திரை கீதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இத என்னாண்ட கேட்டிருந்தா அன்னிக்கே போய்க் கேட்டுனு வந்திருப்பேன். இத்தினி மாசம் தனியா பயந்துனு கீறியே கோமளா” என்றார். அப்புறம் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது கோபம்தான். நியாயமான கோபம்.

நான் வருகிறேன். அம்மாவிடம் சொல், அவள் தடுத்தாலும் வருவேன். ஒட்டிக்கொள்கிற நோயாக இருந்தால் உன்னோடு ஒரே போர்வையில் படுத்த எனக்கு என்றைக்கோ ஒட்டியிருக்கும். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொள். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். சுற்றி இருக்கிற கடினமான சாமானை நகர்த்த வேண்டும். வாயிலும் கையிலும் எதையும் திணிக்கக் கூடாது. தானாக நிற்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதானாம். இத்தனை வருஷத்தில் இதை நமக்கு யாரும் சொல்லவில்லை.

நான் வருவதற்குள் ஒரு காரியம் செய். நைனாவிடம் அந்தத் தாழ்ப்பாளைத் திரும்பப் போடவேண்டாம் என்று சொல்.

அக்கா

*

பட்டினப்பாக்கம்
27.8.1995

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

மாமா, இந்தக் கடிதத்தை நீங்களே பிரித்துப் படிக்கலாம்.

குட்டிப் பையன் சுகமா? நீ கப்பல் ஏறிப் போனதில் இருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அம்மா அவன் படுத்திருந்த தூளியை இன்னும் அவிழ்க்கவில்லை. அவன் தூக்கத்தில் கையைக் காலை உதறினாலும் உனக்குத் தூக்கிவாரிப் போடும் என்று தெரியும். எல்லாக் குழந்தையும் உதறும் என்று டாக்டர் உன் எதிரேதானே சொன்னார். எனக்கும் பயம்தான். சேர்ந்து பயப்படலாம், மறைக்க வேண்டாம்.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதப் போவதில்லை. இருப்பதை எழுதுகிறேன்.

நீ சொன்னபடி ஈவ்னிங் காலேஜில் சேர்ந்தேன். வஜீஹா இரண்டாம் வருஷம், நான் முதல் வருஷம். வேறு வேறு வகுப்பு. அவள் பக்கத்தில் இருப்பாள் என்று நம்பித்தான் சேர்ந்தேன், அது நடக்கவில்லை. முதல் நாள் அந்தப் படியில் மெதுவாக ஏறினேன். போன வருஷம் விழுந்த இடத்தைத் தாண்டாமல் சுவர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனேன். சிரிக்காதே.

கணக்கியல் எடுப்பவர் வேதாந்தம் சார். மயிலாப்பூர்க்காரர், குடுமி வைக்காத குறைதான். பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். பெயரைச் சொன்னதும் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் உட்காரவில்லை. எனக்கு வலிப்பு வரும் என்றேன். மாத்திரை போடுகிறேன், ஆனாலும் வரலாம் என்றேன். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கையில் சாவி கொடுக்காதீர்கள் என்றேன். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் என் குரல் எனக்கே கேட்காமல் போய்விட்டது. சார் வருகைப் பதிவில் இருந்து தலையைத் தூக்கி, “சரிம்மா, உக்காரு. ஜன்னல் ஓரமா வேண்டாம், நடுவுல உக்காரு” என்றார். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். இனிமேல் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாளும் போனேன்.

அப்புறம் தினமும் பயம்தான். வலிப்பு வரும் முன் நாக்கில் ஒரு மாதிரி இரும்பு ருசி தட்டும். அதற்கும் முன்னால், அது தட்டிவிடுமோ என்கிற பயம் தட்டிவிடும். பாடத்தில் பாதி காதில் விழும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே இன்றைக்கு இல்லை, இன்றைக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே வருவேன்.

போன வாரம் வந்தது.

சார் கரும்பலகையில் இருப்புநிலைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பொறுப்புகள் பக்கம் முடித்து, சொத்துகள் பக்கம் ஆரம்பித்தார். அந்த ருசி வந்தது. பக்கத்துப் பெண் மதுவந்தியின் கையைப் பிடித்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவள் சொல்லித்தான் எழுதுகிறேன்.

என்னைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்கடியில் அவள் துப்பட்டாவை மடித்து வைத்தாளாம். மற்றவர்கள் பெஞ்சை நகர்த்தினார்களாம். பின்வரிசைப் பையன் ஒருவன் பதறிப்போய் டி.வி.எஸ். ஐம்பது சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். நாலு பேர் ஒன்றாக, “அதான் வேணாம்னு சொல்லிக்கிறா இல்ல, உள்ள வை” என்றார்களாம். ஒருவன் வகுப்பை முடித்துக்கொள்ளலாமா என்று சாரிடம் கேட்டிருக்கிறான். சார் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, “அவ எழுந்துண்டு உக்கார்ற வரைக்கும் பாடம் கிடையாது. யாரும் ஆத்துக்கும் போக வேண்டாம். சத்தம் போடாம உக்காருங்கோ” என்றாராம்.

நான் கண்ணைத் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலில் என் கையைத்தான் பார்த்தேன். காலியாக இருந்தது. தீய்ந்த தழும்பு மட்டும்தான். எழுந்து உட்கார்ந்ததும் பாவாடையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை அக்கா. பார்க்காத மாதிரி எல்லோரும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அத்தனை பேரும். மதுவந்தி தண்ணீர் கொடுத்தாள். எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றவில்லை.

கரும்பலகையில் சொத்துகள் என்று எழுதி அதன் கீழே ஒன்றும் எழுதாமல் அப்படியே இருந்தது. சார் சாக்பீஸை எடுத்து, “ஆகட்டும், எங்கே விட்டோம்?” என்றார்.

பாடம் எனக்காகக் காத்திருக்கும் என்று போன வருஷம் உனக்கு எழுதினேன் இல்லையா. நான் அடுப்படியில் கிடந்தபோது அது வாசலில் காத்துக்கொண்டுதான் இருந்தது. வகுப்பு காத்திருக்காது என்றும் எழுதினேன். அதுதான் தப்பு.

நாளைக்கும் வரலாம், பயமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு ஐந்தரைக்கு வகுப்பு. குட்டிக்கு சித்தியின் முத்தம்.

உன்
அன்புக்கரசி